“சான்றளிக்கப்பட்ட” என்ற ஒரு சொல்: அமெரிக்கக் கஞ்சா ஆய்வகச் சட்டங்களும் அவற்றின் திருத்தங்களும்

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் தாக்கலாகும் திருத்த மசோதாக்களை வாசிப்பது சில ஆண்டுகளாக எனக்குப் பழக்கமாகிவிட்டது. பெரும்பாலான மாநிலங்களில் நீக்கப்படும் சொற்களின் மேல் குறுக்கே கோடு கிழித்திருப்பார்கள். சேர்க்கப்படும் சொற்களின் கீழே கோடு போட்டிருப்பார்கள். பழைய சட்டம் என்ன நினைத்தது, அது எங்கே இடறியது, புதிய சட்டம் அதை எப்படிச் சரிசெய்யப் பார்க்கிறது என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். நான் வழக்கறிஞன் அல்ல. உணவுப் பொருள்களில் பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கும் ஆய்வகங்களில் நெடுங்காலம் வேலை செய்தவன். ஆகவே கஞ்சா விற்பனையை அனுமதித்த மாநிலங்களில், விற்பனைக்கு முன் அதைப் பரிசோதிக்கும் ஆய்வகங்களுக்குச் சட்டம் விதிக்கும் தகுதிகளும், அந்தத் தகுதிகளைப் பின்னால் வந்து திருத்தும் சட்டங்களும் என் கண்ணில் தனியாகப் படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை வெறும் அச்சுப்பிழைத் திருத்தம் போலத் தோன்றினாலும், ஆய்வக மேசையில் நின்று பார்த்தால் அப்படி இல்லை.

முதல் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. உரிமம், சான்றளிப்பு, அங்கீகாரம் ஆகிய மூன்றையும் நாம் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். மசோதா எழுதுகிறவர்களும் அப்படித்தான் கலந்துவிடுகிறார்கள். உரிமம் என்பது தொழில் நடத்த அரசு தரும் அனுமதி. சான்றளிப்பு என்பது ஒரு பொருளோ, நிர்வாக முறையோ, நபரோ குறிப்பிட்ட விதிகளுக்கு இணங்கியிருப்பதாக இன்னொருவர் எழுத்தில் உறுதி சொல்வது. அங்கீகாரம் அதைவிடக் குறுகலானது, ஆனால் ஆழமானது: இந்த ஆய்வகம் இந்தப் பொருளில் இந்தச் சோதனையை இந்த முறையில் செய்யும் திறன் பெற்றது என்று ஒரு சுயேச்சையான அமைப்பு நேரில் வந்து பார்த்துச் சொல்வது.

ஆய்வகங்களுக்கான உலகளாவிய தரநிலையான ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 மூன்றாவது வகையைச் சேர்ந்தது. அது 1999-ல் வெளிவந்து, 2005-லும் 2017-லும் திருத்தப்பட்டது. ஐ.எஸ்.ஓ. நிறுவனம் தானாக எந்த ஆய்வகத்துக்கும் எதையும் வழங்குவதில்லை. அங்கீகார அமைப்புகள்தான் வழங்குகின்றன, அந்த அமைப்புகளுக்கும் 17011 என்ற தனித் தரநிலை உண்டு. அங்கீகாரத்தோடு ஒரு பட்டியல் இணைக்கப்பட்டிருக்கும். எங்கள் வட்டாரத்தில் அதை ஸ்கோப் என்போம். எந்தப் பொருள், எந்தச் சோதனை, எந்தக் கருவி என்று வரிவரியாக அதில் இருக்கும். உலர்ந்த பூவில் டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருள்) அளவு பார்க்க அங்கீகாரம் வாங்கிய ஆய்வகத்துக்கு, சாக்லேட்டில் அதே டி.எச்.சி.யைப் பார்க்கும் தகுதி அதனால் வந்துவிடாது. கொழுப்பும் சர்க்கரையும் கலந்த பொருளிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது வேறு வேலை.

ஆகவே “17025 தரநிலையின்படி சான்றளிக்கப்பட்ட ஆய்வகம்” என்று ஒரு சட்டம் சொன்னால், கறாராகப் பார்க்கும்போது அப்படி ஓர் ஆய்வகம் உலகில் எங்கும் இல்லை. ஒழுங்குமுறைத் துறை அதை அங்கீகாரம் என்று பொருள்கொண்டு சமாளித்துவிடலாம். ஆனால் யாராவது ஒருவர், தன் நிர்வாக முறைக்கு வாங்கிய சான்றிதழ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டம் கேட்டதும் இதுதானே என்று வாதிட வந்தால், சொல்லின் பக்கபலம் அவருக்குத்தான் இருக்கும். “சான்றளிக்கப்பட்ட” என்ற சொல்லை அடித்துவிட்டு “அங்கீகாரம் பெற்ற” என்று எழுதுவது, “அந்தந்தச் சோதனைக்கு” என்ற இரண்டு சொற்களையும் அதனுடன் சேர்ப்பது என, நான்கைந்து சொற்களில் முடிந்துவிடும் திருத்தங்கள் இவை. விவாதமே இல்லாமல் நிறைவேறக்கூடிய இப்படிப்பட்ட வரிகளின் பின்னால்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது.

பதிப்பின் ஆண்டையும் சேர்த்துச் சட்டத்தில் எழுதிவிடுவது இதற்கு அடுத்த வகைத் தவறு. 2005-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 2017-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு மாற ஆய்வகங்களுக்கு 3 ஆண்டுகள் தரப்பட்டன. பெருந்தொற்றுக் காலத்தில் அந்தக் கெடு 2021 ஜூன் 1 வரை நீண்டது. அதன்பின் பழைய பதிப்பின்படி அங்கீகாரம் தருவார் யாருமில்லை. சட்டத்தில் பழைய ஆண்டு நின்றிருந்தால், நான்கு இலக்கங்களை மாற்றுவதற்காக ஒரு சட்டமன்றம் கூடி வாக்களிக்க வேண்டியிருக்கும். “அவ்வப்போது நடைமுறையில் உள்ள பதிப்பு” என்று எழுதிவிட்டால் முடிந்தது என்று தோன்றலாம். ஆனால் தான் பார்த்திராத, வருங்காலத்தில் வேறொருவர் எழுதப்போகும் விதியைச் சட்டமன்றம் முன்கூட்டியே ஏற்பதா என்ற அரசியல் சாசனக் கேள்வி அமெரிக்க மாநிலங்களில் உண்டு என்பதால், அந்த வழியும் எல்லா இடத்திலும் எளிதல்ல.

இவையெல்லாம் காகிதத்தில் தீரக்கூடியவை. தீராதது ஒன்று உண்டு. அதைச் சொல்ல ஓர் அங்கீகாரத் தணிக்கை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்துக்கு மதிப்பீட்டாளர் வந்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. கோப்புகளை அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்க்கவில்லை. பிறகு எழுந்து வந்து, எடைபோடும் பெண்ணின் தோள் அருகே நின்றுகொண்டார். தராசின் கதவு சாத்தியிருக்கிறதா, எண் நிலைக்கும்வரை காத்திருக்கிறாரா, எண்ணை உடனே எழுதுகிறாரா அல்லது இரண்டு மாதிரி முடித்துவிட்டுச் சேர்த்து எழுதுகிறாரா என்று பார்த்தார். குளிர்பதனப் பெட்டிக்குள் இருந்த வெப்பமானியை எடுத்து அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் அளவுத்திருத்தச் சான்றைக் கேட்டார். அது 11 நாள்களுக்கு முன் காலாவதியாகியிருந்தது. எங்களுக்கு ஒரு குறைபாட்டு அறிக்கை கிடைத்தது. அவர் செய்தது சரிதான்; வெப்பமானி பொய் சொன்னால் அந்தப் பெட்டியில் வைத்திருக்கும் திட்டக் கரைசல்கள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை ஆகிவிடும்.

அதாவது அங்கீகாரம் என்பது வேலை நடந்துகொண்டிருக்கும்போது பார்த்துத் தருவது. கஞ்சா ஆய்வகத்தில் மதிப்பீட்டாளர் என்ன பார்ப்பார்? பிசின் நிறைந்த பூவை அரைக்கும் கருவியின் சுவரில் எவ்வளவு ஒட்டிக்கொண்டு வீணாகிறது என்று பார்ப்பார், ஏனென்றால் டி.எச்.சி. பெரும்பாலும் அந்தப் பிசினில்தான் இருக்கிறது. அது ஒட்டாமல் இருக்க, பூவை உறையவைத்துப் பொடிக்கிறார்களா என்று கேட்பார். கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் வாயு நிறமூர்த்தக் கருவியின் வெப்பம் டி.எச்.சி. அமிலத்தைக் கருவிக்குள்ளேயே டி.எச்.சி.யாக மாற்றிவிடுகிறது, திரவ நிறமூர்த்தத்தில் அப்படி ஆவதில்லை, அங்கே டி.எச்.சி., அதன் அமிலம் இரண்டையும் தனித்தனியே அளந்து, அமிலத்தின் அளவை 0.877-ஆல் பெருக்கிக் கூட்டிக்கொள்ள வேண்டும். கரியமில வாயு வெளியேறிய பின் மூலக்கூறில் மிஞ்சும் எடையின் விகிதம் அந்த எண். இந்தக் கணக்கு விரிதாளில் சரியாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்.

இதையெல்லாம் அவர் பார்ப்பதற்கு ஆய்வகத்தில் கஞ்சா இருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் ஒரு கிராம் கஞ்சாவைக்கூட ஆய்வகம் வைத்திருக்கக் கூடாது. அங்கீகாரம் இல்லாமல் உரிமம் கிடையாது என்று சட்டம் சொல்கிறது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும், பைத்தியம் தீர்ந்தால்தான் கல்யாணம் என்ற நம் பழமொழியை இதைவிடப் பொருத்தமான இடத்தில் நான் கண்டதில்லை.

பக்கத்து மாநிலத்திலிருந்து மாதிரி வாங்கிப் பழகலாம் என்றால் அதுவும் முடியாது. 1970-ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டத்தில் கஞ்சா முதல் பட்டியலில் வைக்கப்பட்டதால், மாநில எல்லையைத் தாண்டி அதைக் கொண்டுசெல்வது மத்திய அரசின் கண்ணில் குற்றம். ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுவது எங்கள் தொழிலில் அன்றாட வழக்கம்; கஞ்சாவில் அது மாநிலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, அல்லது போதை மிகக் குறைந்த, ஹெம்ப் எனப்படும் சணல் வகைக் கஞ்சாச் செடியை வைத்தோ வேறொரு பொருளில் கலந்து தந்தோ ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. அமெரிக்கத் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2020-ல் ஆய்வகங்களுக்காகத் தொடங்கிய ஒப்பீட்டுத் திட்டமும் சணல் மாதிரிகளோடுதான் ஆரம்பித்தது.

இந்த முடிச்சு எவ்வளவு இறுகக்கூடும் என்பதற்கு ஹவாயைப் பார்க்கலாம். மருத்துவக் கஞ்சா விற்பனை நிலையங்களுக்கு வழிசெய்யும் சட்டம் அங்கே 2015-ல் நிறைவேறியது. 2016 ஏப்ரலில் 8 நிறுவனங்களுக்கு உரிமம் தரப்பட்டது. அந்த ஆண்டு ஜூலை 15 முதல் விற்கலாம் என்று சட்டம் நாள் குறித்திருந்தது. அந்த நாள் வந்தது, போனது. சுகாதாரத் துறை சான்றளித்த ஆய்வகத்தில் பரிசோதிக்காமல் எதையும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதே சட்டத்தில் இருந்தது, ஆனால் அப்படி ஓர் ஆய்வகம் அங்கே ஒன்றுகூட இல்லை. முதல் ஆய்வகத்துக்குச் சான்று கிடைத்த பிறகுதான், 2017 ஆகஸ்ட் 8-ஆம் நாள் மாவி தீவில் முதல் விற்பனை நடந்தது. தாமதத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், கடைசியில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தது ஆய்வகத்துக்காகத்தான்.

ஹவாயின் சிக்கலில் இன்னொரு அடுக்கும் உண்டு. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குக் கஞ்சாவைக் கொண்டுசெல்லக் கூடாது என்று சட்டம் தடுத்திருந்தது. ஆய்வகம் ஓவாஹூவில் இருந்து, செடி காவாயில் வளர்ந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு தீவிலும் ஓர் ஆய்வகம் கட்டும் அளவுக்கு வியாபாரம் கிடையாது. ஒரு திரவ நிறமூர்த்தக் கருவியும், உலோகம் பார்க்கும் நிறைநிறமாலைக் கருவியும், நுண்ணுயிர் அறையும், அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் சேர்ந்தால் ஆகும் செலவு சின்னஞ்சிறு தீவின் நோயாளிகள் தலையில்தான் விழும். விற்பனை நிலையம் இருக்கும் மாவட்டத்திலோ தீவிலோ சான்றளிக்கப்பட்ட ஆய்வகம் இல்லாவிட்டால், பரிசோதனைக்காக மட்டும் மாதிரியை வேறு தீவுக்குக் கொண்டுசெல்லலாம் என்ற விதிவிலக்கு பின்னர் சட்டத்தில் சேர்ந்தது. சான்றுத் தேவையைத் தளர்த்தாமல், அதை நிறைவேற்றும் பாதையை மட்டும் திறந்துவிட்ட திருத்தம் அது. நான் வாசித்தவற்றில் எனக்குப் பிடித்தமானது இதுதான்.

மற்ற மாநிலங்கள் பெரும்பாலும் கால அவகாசத்தைக் கொண்டு முடிச்சை அவிழ்த்தன. மிச்சிகனின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், உரிமம் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஆய்வகம் அங்கீகாரம் பெற வேண்டும் என்றது. கலிபோர்னியாவின் விதிகள் அங்கீகாரத்துக்கு முயன்றுகொண்டிருக்கும் ஆய்வகங்களுக்கு 12 மாதத்துக்கு இடைக்கால உரிமம் தந்தன. மேயின் மாநிலம் சான்றளிப்பு, அங்கீகாரம் இரண்டையும் தனித்தனியே குறிப்பிட்டு, இரண்டாவது வந்துசேரும்வரை தற்காலிக உரிமத்துக்கு இடம் கொடுத்தது. கொலராடோ 2019 ஜனவரி 1 என்று கெடு வைத்தது. புதிதாக உரிமம் பெறுவோருக்கு நீட்டிப்புத் தர ஒழுங்குமுறைத் துறைக்கு அதிகாரமும் கொடுத்தது.

மிச்சிகன் சட்டத்தில் அந்த ஓராண்டு வரிக்குப் பின்னாலேயே ஓர் “அல்லது” வருகிறது. மாநில அரசுக்கோ அதன் நீதிமன்றங்களுக்கோ ஏற்கெனவே போதைப்பொருள் பரிசோதனைச் சேவை வழங்கி, அதில் நற்பெயரோடு இருக்கும் நிறுவனமாக இருந்தாலும் போதும் என்கிறது அது. முதல்முறை வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நீதிமன்றத்துக்காகச் செய்யப்படும் சோதனை பெரும்பாலும் மனிதரின் சிறுநீரில் நடப்பது, உடல் டி.எச்.சி.யைச் சிதைத்த பிறகு மிஞ்சும் பொருளை ஒரு மில்லிலிட்டரில் சில நானோகிராம் என்ற அளவில் தேடுவது, இருக்கிறதா இல்லையா என்று சொல்வது. பூவைச் சோதிக்கும் ஆய்வகமோ ஒரு கிராமில் 200 மில்லிகிராம் இருக்கிறதா 210 இருக்கிறதா என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும்; பூச்சிக்கொல்லி, ஈயம், காட்மியம், பூஞ்சை நச்சு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கருவியின் பெயர் ஒன்றாக இருக்கலாம், வேலை ஒன்றல்ல. இரண்டு வேலைகளையும் “போதைப்பொருள் பரிசோதனை” என்ற ஒரே சொல் சுட்டுவதால் வந்த வினை இது. இரத்த வங்கி நடத்தியவர் தண்ணீரின் தரமும் பார்ப்பார் என்று சொல்வதைப் போன்றது.

அவகாசம் கொடுத்தே பழகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மத்திய அரசின் சணல் விதி நல்ல பாடம். சட்டமன்றத் திருத்தம் அல்ல, துறையின் விதிதான். ஆனால் கதை ஒன்றே. 2018 டிசம்பரில் நிறைவேறிய வேளாண் சட்டம், உலர் எடையில் டெல்டா-9 டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத செடியைச் சணல் என்று வரையறுத்துக் கஞ்சாவிலிருந்து பிரித்தது. 2019 அக்டோபரில் வேளாண் துறை வெளியிட்ட இடைக்கால விதி, இந்தச் சோதனையைப் போதைப்பொருள் அமலாக்க முகமையில் பதிவு செய்த ஆய்வகங்கள்தான் செய்யலாம் என்றது. நியாயம் இருக்கிறது: அளவு 0.3-ஐத் தாண்டிய மாதிரி சட்டப்படி கஞ்சா ஆகிவிடுகிறது, அதைக் கையில் வைத்திருக்கப் பதிவு வேண்டும். ஆனால் அதே விதி, மாதிரி எடுத்த 15 நாளுக்குள் அறுவடை முடிய வேண்டும் என்றும் சொன்னது. பதிவு பெற்ற ஆய்வகங்கள் கொஞ்சம், வயல்கள் ஏராளம். சில மாதங்களிலேயே பதிவு நிபந்தனையின் அமலாக்கத்தைத் தள்ளிவைத்தார்கள். 2021-ல் வந்த இறுதி விதி அறுவடைக்கான காலத்தை 30 நாளாக்கி, ஆய்வகப் பதிவுக்கு 2022 இறுதிவரை கெடு தந்தது. அது 2023 இறுதிக்கு நீண்டது, பிறகு 2024 இறுதிக்கு நீண்டது. ஒவ்வொரு முறையும் காரணம் ஒன்றே: போதிய ஆய்வகங்கள் இல்லை. கெடு நீளும் என்று தெரிந்த பின் பதிவுக்காகப் பாதுகாப்பு அறையும் பூட்டும் அமைக்க எந்த ஆய்வகம் அவசரப்படும்?

தகுதி விதிகளைத் தளர்த்தினால் மோசடி பெருகிவிடும் என்று சட்டமன்ற விசாரணைகளில் வாதிடுகிறவர்கள் உண்டு. நான் இதில் முழுமையாக உடன்படுவதில்லை. 2018-ன் இறுதியில் சாக்ரமென்டோவில் உரிமம் பெற்ற ஓர் ஆய்வகம், சோதிக்க வேண்டிய 66 பூச்சிக்கொல்லிகளில் 22-க்கு மாதக்கணக்கில் பொய்யான விடைகளைப் பதிந்துவந்தது தெரியவந்தது. அங்கே குறைந்தது காகிதமா? கலிபோர்னியாவின் விதிகள் நாட்டிலேயே கடுமையானவற்றில் சேர்ந்தவை. ஆய்வக உரிமம் வைத்திருப்பவர் வேறு கஞ்சாத் தொழிலில் பங்கு வைத்திருக்கக்கூடக் கூடாது. அங்கீகாரம் சொல்வதெல்லாம், இந்த ஆய்வகத்தால் சரியாகச் செய்ய முடியும் என்பதுதான். மதிப்பீட்டாளர் ஊர் திரும்பிய மறுநாள் அது சரியாகச் செய்கிறதா என்பது வேறு கேள்வி. ஆய்வகத்துக்குக் கட்டணம் கொடுப்பவர் விளைவிக்கிறவரோ விநியோகிக்கிறவரோதான், டி.எச்.சி. சதவீதம் கூடினால் அவருக்கு விலை கூடும். பிடிக்காத விடை தந்த ஆய்வகத்தை விட்டுவிட்டு அடுத்த ஆய்வகத்துக்கு அவர் போகலாம். இந்தச் சுழலைச் சான்றிதழ் எதுவும் உடைக்காது.

கலிபோர்னியா சட்டமன்றம் இதை ஓரளவு புரிந்துகொண்டது. ஆய்வகங்கள் அனைத்தும் டி.எச்.சி. அளவை ஒரே முறையில் பார்க்கும்படி, பொதுச் சோதனை முறையைத் துறை வகுக்க வேண்டும் என்று 2021-ல் சட்டம் இயற்றியது. 17025 தரநிலை, சரியென்று நிரூபித்த எந்த முறையையும் ஆய்வகம் தானே தேர்ந்துகொள்ள விடுகிறது. எங்களைப் போன்றவர்கள் பெருமையாக நினைக்கும் சுதந்திரம் அது. ஆனால் விடையைக் கூட்டிக்காட்ட விரும்புகிறவருக்கும் அதே சுதந்திரம்தான் வசதி. அதைப் பிடுங்கிக்கொள்வது எனக்கு மனத்துக்கு ஒப்பவில்லை என்றாலும், அந்தச் சட்டத்தை எதிர்த்து வாதிட என்னிடம் நல்ல காரணம் இல்லை.

வாஷிங்டன் மாநிலம் வேறு திசையில் போனது. அங்கே 2012-ல் மக்கள் வாக்கெடுப்பால் கஞ்சா சட்டபூர்வமானது. ஆய்வகங்களுக்கான அங்கீகார நிபந்தனைகளை வகுக்கும் பொறுப்பு மது வாரியத்திடம் விடப்பட்டது. மதுக்கடைகளைக் கண்காணித்துப் பழகிய வாரியத்துக்கு ஆய்வக வேதியியலில் என்ன அனுபவம் இருக்க முடியும்? 2019-ல் இயற்றிய சட்டத்தால் அந்தப் பொறுப்பை 2024 ஜூலை 1-க்குள் சுற்றுச்சூழல் துறைக்கு மாற்றும்படி சட்டமன்றம் சொன்னது, தரநிலைகளை வகுக்க ஓர் அறிவியல் குழுவையும் அமைத்தது. தண்ணீர், மண் ஆகியவற்றைச் சோதிக்கும் ஆய்வகங்களை அந்தத் துறை நெடுங்காலமாக மதிப்பிட்டுவருகிறது. மதிப்பீட்டாளராக வருகிறவர் தராசின் கதவைப் பார்க்கத் தெரிந்தவராக இருப்பார் என்ற நம்பிக்கையை அந்தத் திருத்தம் எனக்குக் கொடுத்தது. மாற்றத்துக்கு 5 ஆண்டு கொடுத்ததை நீளம் என்று குறைசொன்னவர்கள் உண்டு. ஒரு சோதனை முறையைப் புதிதாக எழுதிச் சரிபார்த்து முடிக்க எங்களுக்குச் சில சமயம் ஓராண்டு ஆனதை நினைத்தால், எனக்கு அது நீளமாகத் தெரியவில்லை.

மறுபடியும் ஹவாய்க்கு வருகிறேன். அந்த விதிவிலக்கின்படி காவாயிலிருந்து ஓவாஹூவுக்குப் பரிசோதனைக்காக மாதிரி போகலாம். மாநிலச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் தீவுகளுக்கு நடுவே இருப்பது கடல். மேலே இருப்பது மத்திய அரசின் கட்டுப்பாட்டிலுள்ள வான்வெளி. முத்திரையிட்ட பையில் சில கிராம் பூவை எடுத்துக்கொண்டு விமானத்தில் ஏறும் ஊழியர், தன் மாநிலச் சட்டமன்றம் எழுதிக்கொடுத்த அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பித்தான் இருக்கையில் உட்கார்ந்திருப்பார்.